உதவி: வேனில் பின் பேட்டரி ஏறவில்லை, கர்னூல் பக்கம் நிற்கிறோம், அவசரம்

ஊருக்குப்_போறோம் | காலை 6.50

வணக்கம். எங்கள் கேரவன் வேனில் பின்பக்கப் பேட்டரி சார்ஜ் ஏறவே இல்லை. டெல்லியில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது. நேற்று ராத்திரி ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, லைட்டும் மங்கல். கர்னூல் தாண்டி ஒரு தாபா வாசலில் நிற்கிறோம். நாளை மறுநாள் பிள்ளையார் நோன்பு, அதற்குள் காரைக்குடி போய்ச் சேர வேண்டும். என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கோட்டையூரான் | 7.02

என்ன வண்டி? என்ன பேட்டரி, ஈயமா லித்தியமா? கொள்ளளவு எத்தனை ஏ.எச்.? முன் பேட்டரிக்கும் பின் பேட்டரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது, ரிலேயா டிசி சார்ஜரா? எஞ்சின் ஓடும்போது எத்தனை வோல்ட்? எதுவுமே சொல்லாமல் "ஏறவில்லை" என்றால் என்னத்தைச் சொல்வது அண்ணே.

வெயில்தகடு | 7.05

கூரையில் சோலார் இருக்கிறதா? இரண்டு தகடு போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

கோட்டையூரான் | 7.06

அவர் ரோட்டில் நிற்கிறார். இப்போது எங்கே போய்த் தகடு வாங்குவார்?

பழைய_கை | 7.11

தேடும் வசதி என்று ஒன்று இந்தத் தளத்தில் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. இதே கேள்விக்கு நான் குறைந்தது பத்துத் தடவை பதில் எழுதியிருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டர் போய்விட்டது. மாற்றுங்கள்.

ஊருக்குப்_போறோம் | 7.20

மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். பதினேழு சீட் வேன், டீசல், 2021. சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் போட்டிருக்கிறது. பின் பேட்டரி வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பார்களே, அந்தப் பெரிய கறுப்புப் பேட்டரி, 150 ஏ.எச். நடுவில் ஏதோ ரிலே, தானாகத் திறந்து மூடுகிற சுவிட்ச், என்றார்கள். வோல்ட் பார்க்க மீட்டர் இல்லை. ஃபிரிட்ஜில் அப்பத்தாவின் இன்சுலின் இருக்கிறது, பயமே அதுதான்.

தேவகோட்டை_ஆச்சி | 7.26

இன்சுலினை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, பேட்டரி அப்புறம். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம், சூடு 25, 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். எத்தனை நாள் என்று அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கும். பிரிக்காததைத்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தாபாவில் ஐஸ் கேளுங்கள். வாயகன்ற பிளாஸ்க்கில் ஐஸைப் போட்டு, மருந்தைத் துணியில் சுற்றி மேலே வையுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது, உறைந்துபோன இன்சுலின் எதற்கும் ஆகாது. டாஷ்போர்டு மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஊருக்குப்_போறோம் | 7.31

ரொம்ப நன்றி ஆச்சி. சாம்பார் கொண்டுவந்த பிளாஸ்க் இருக்கிறது, கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறாம்_கியர் | 7.38

2021 என்றால் பிஎஸ் 6 வண்டி, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. புது வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. முன் பேட்டரி நிறைந்ததும் டீசலை மிச்சம் பிடிக்க வோல்டை இறக்கிவிடும். வோல்ட் இறங்கினால் அந்த ரிலே தானாகவே திறந்துகொள்ளும், பின் பேட்டரி பட்டினி. இதற்கு மருந்து ஒன்றுதான், இறங்கின வோல்டை ஏற்றிப் பின் பேட்டரிக்குக் கொடுக்கிற டிசி டு டிசி சார்ஜர்.

பழைய_கை | 7.41

ஆல்டர்னேட்டர் என்றுதான் நானும் சொன்னேன்.

ஆறாம்_கியர் | 7.42

நீங்கள் போய்விட்டது என்றீர்கள். நான் சொல்வது அது நல்லபடி வேலை செய்கிறது, அதுதான் தொல்லை என்று.

கோட்டையூரான் | 7.50

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அண்ணே, பக்கத்தில் எலெக்ட்ரிகல் கடை எப்போது திறக்கும்? சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எஞ்சினை ஓடவிட்டு முன் பேட்டரியில் ஒரு தடவை, பின் பேட்டரியில் ஒரு தடவை வோல்ட் பார்த்து எழுதுங்கள். ஓடும்போது முன்னால் 13.8க்கு மேல் இருந்தால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போட வேண்டாம்.

மண்ணெண்ணெய்_விளக்கு | 7.55

எர்த்.

கோட்டையூரான் | 7.56

உங்களுக்கு எதற்கெடுத்தாலும் எர்த்தான். போன மாசம் ஒருத்தர் ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது என்றதற்கும் எர்த் என்றீர்கள்.

திருமயம்_ரோடு | 8.15

பேட்டரி எப்படியும் சரியாகிவிடும். எந்த வழியாக வருகிறீர்கள்? ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் என்று வந்துவிடுங்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள். அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அடிவாரம் வருவதற்குள் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

குன்றக்குடி_மயில் | 8.24

அது சுற்று. நாமக்கல்லில் இருந்து நேரே கரூர், திண்டுக்கல். அப்புறம் நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர். வழியிலேயே பிள்ளையார்பட்டி, நோன்புக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

திருமயம்_ரோடு | 8.27

எது சுற்று? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அதுவும் நத்தம் ரோட்டில் அந்த உயர வண்டியை ராத்திரியில் ஓட்டச் சொல்கிறீர்களா?

குன்றக்குடி_மயில் | 8.30

நான் முப்பது வருஷமாக ஓட்டுகிறேன்.

தேவகோட்டை_ஆச்சி | 8.36

திருப்பத்தூர் என்று மேப்பில் போடும்போது பார்த்துப் போடுங்கள். பெங்களூரில் இருந்து வந்த எங்கள் சின்னவனை மேப் ஜோலார்பேட்டை பக்கத்துத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. "பிள்ளையார்பட்டி எங்கே" என்று அங்கே போய் விசாரித்திருக்கிறான்.

ஊருக்குப்_போறோம் | 10.05

மீட்டர் வாங்கியாயிற்று. எஞ்சின் ஓடும்போது முன்னால் 14.2, பின்னால் 12.1. ஃபிரிட்ஜைப் போட்டால் பின்னால் 11.9க்கு வருகிறது.

ஆறாம்_கியர் | 10.09

அரை மணி ஓடவிட்டு மறுபடி பாருங்கள், 14.2 இறங்குகிறதா என்று.

பழைய_கை | 10.10

மீட்டர் தரமானதா?

ஊருக்குப்_போறோம் | 10.45

அரை மணி ஆயிற்று, 14.2தான். இறங்கவில்லை.

அப்புறம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு கடையில் ரிவர்ஸ் கேமரா மாட்டினோம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் எழுதவில்லை. பேட்டரிப் பெட்டியை வெளியே எடுத்துத்தான் வயர் இழுத்தார்கள்.

கோட்டையூரான் | 10.47

அண்ணே!! இதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்!

மண்ணெண்ணெய்_விளக்கு | 10.52

இப்போதாவது சொல்லவிடுங்கள். பின் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் வண்டி பாடியில் எங்கோ ஒரு போல்ட்டில் முடியும், அதுதான் எர்த். பெட்டியை எடுத்தவர்கள் அதைக் கழற்றி மறுபடி மாட்டியிருப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை பின் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். வண்டி நீளத்துக்கு வயர் எட்டாது, ஏதாவது துண்டு வயர் கட்டிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். 2 வோல்ட் காட்டினால் நான் சொன்னதுதான். முன்னால் 14.2, பின்னால் 12.1, நடுவில் காணாமல் போன 2.1 எங்கே போயிற்று என்பதுதான் கணக்கு.

கோட்டையூரான் | 10.58

சைபர் காட்டினால் பாசிட்டிவ் பக்கம் போங்கள். ரிலேயின் இரண்டு காலிலும் பாருங்கள், அப்புறம் ஃபியூஸ். இந்தத் தடவை விளக்கு சொல்வதில் எனக்கும் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் எழுத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெயில்தகடு | 11.04

அந்த வகை ஈய பேட்டரியை மூடின வண்டிக்குள் வைப்பதே தப்பு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பெட்டிக்கு வெளியே போகிற குழாய் இருக்கிறதா? பக்கத்திலேயே அடுப்பு வேறு. இப்போதெல்லாம் லித்தியம் பாஸ்பேட்தான்.

பழைய_கை | 11.09

பேட்டரி பற்றிக் காரைக்குடிக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை (செக்ரி) வைத்துக்கொண்டு, வோல்ட் பார்க்கக் கர்னூலில் மீட்டர் வாங்குகிறார்கள்.

கோட்டையூரான் | 11.15

செக்ரி வாசலில் பிறந்தால் மீட்டரோடா பிறப்பார்கள்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டின இடம். எங்கள் ஐயா அதைச் சொல்லிச் சொல்லியே பொழுதைப் போக்குவார், டார்ச் லைட்டுக்கு செல் மாற்ற என்னைத்தான் கூப்பிடுவார்.

ஊருக்குப்_போறோம் | பகல் 12.20

2.1 காட்டியது.

ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து முன் நெகட்டிவில் இருந்து பின் நெகட்டிவுக்குப் போட்டோம். பின்னால் உடனே 13.6. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, அதன் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வாஷர் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவுக்குத்தான் தகரம் பளபளக்கிறது, அது வழியாகத்தான் இத்தனை நாள் ஏதோ கொஞ்சம் போயிருக்கிறது. பஞ்சர் கடைத் தம்பி உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

மண்ணெண்ணெய்_விளக்கு | 12.22

🙏

கோட்டையூரான் | 12.26

தேய்த்த இடத்தில் கிரீஸ் தடவி முறுக்கச் சொல்லுங்கள், துருப் பிடிக்காது. இன்வெர்ட்டரை இன்று போடாதீர்கள். இவ்வளவு காலியான ஈய பேட்டரி மெதுவாகத்தான் குடிக்கும், ஒரு நாள் ஓட்டத்தில் நிறையாது.

பழைய_கை | 12.40

தற்காலிகமாகச் சரியாகியிருக்கலாம். ஆல்டர்னேட்டரையும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

தேவகோட்டை_ஆச்சி | 12.48

ஊரில் வண்டிக்கு வீட்டில் இருந்து கரண்ட் இழுப்பதாக இருந்தால் பார்த்து இழுங்கள். பழைய வளவு வீடுகளில் இன்னும் அந்தக் காலத்துச் சுவிட்சும் இரண்டு துளை பிளக்கும்தான், எர்த்தே கிடையாது. எங்கள் வீட்டில் முகப்பில் ஒரு பிளக், அதை விட்டால் பின்கட்டில் மாவு அரைக்கிற இடத்தில் ஒன்று. பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும், வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

திருமயம்_ரோடு | 1.10

பின்தெருவில் நிறுத்த வேண்டுமென்றால் புதுக்கோட்டை வழியாக வருவதுதான் வசதி.

குன்றக்குடி_மயில் | 1.14

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

*(இடையில் வழி பற்றிய 23 பதில்கள் மடக்கப்பட்டுள்ளன)*

ஊருக்குப்_போறோம் | மூன்று நாள் கழித்து, காலை 9.30

வந்து சேர்ந்தோம். நோன்புக்கு அப்பத்தா கையால் இழை (திரி ஏற்றின மாவு) எடுத்தாயிற்று. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

தேவகோட்டை_ஆச்சி | 9.41

சந்தோஷம் தம்பி. அப்பத்தாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குன்றக்குடி_மயில் | 9.44

எந்த வழியாக வந்தீர்கள்?

திருமயம்_ரோடு | 9.45

ஆமாம், அதைச் சொல்லவே இல்லையே?

குன்றக்குடி_மயில் | மறுநாள், இரவு 8.10

தம்பி?