மாமனார் பெயரில் ஒரு பையன்: ஜெர்மனியில் பிள்ளை பெற்றவர்கள் சொல்வது

ஏழு மாதப் பையனின் அம்மா:

வலி ஒரு ராத்திரியோடு போய்விட்டது. பெயர்ப் பிரச்சினை நான்கு மாதம் இழுத்தது. அதனால் அதையே எழுதுகிறேன்.

கணவரின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் மாமனார் பெயர் இருக்கிறது. என்னுடையதில் அந்த இடம் காலி. நம்மில் பலருக்கும் அப்படித்தானே, முன்னால் ஒரு இனிஷியல், பின்னால் பெயர், தீர்ந்தது. இங்கே வந்ததும் கொடுத்த ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டில் என் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். தப்பு அங்கேதான்.

குழந்தை பிறந்தால் ஒரு வாரத்துக்குள் ஸ்டாண்டஸாம்ட் என்கிற பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதை ஆஸ்பத்திரியே செய்துவிட்டது. நான்காம் நாள் கணவர் சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு போனார். அங்கிருந்த அம்மா எங்கள் கல்யாணச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "உங்கள் மனைவி பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கிறதே, அது என்ன?" என்றாராம்.

"அவளுடைய அப்பா."

"அப்படியானால் அதுதான் குடும்பப் பெயரா?"

"இல்லை, அது அப்பா பெயர்."

"அப்பா குடும்பத்தில் இல்லையா?"

அரை மணி நேரம் இப்படியே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் பெயர் ஒரு பெட்டி, குடும்பப் பெயர் ஒரு பெட்டி. இனிஷியலுக்குப் பெட்டியே கிடையாது.

அடுத்து அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக நம் அரசு போட்டுத்தரும் முத்திரை. அது இருந்தால் எந்த நாட்டிலும் செல்லும் என்று நம்பி, அலைந்து வாங்கி வைத்திருந்தோம். அந்த முத்திரையை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் 2005-ல் இந்தியாவுக்கு அமலானபோதே ஜெர்மனி ஆட்சேபம் சொல்லிவிட்டதாம். அதனால் நம் முத்திரை இங்கே வெறும் அலங்காரம். சந்தேகம் வந்தால் இந்தியாவில் இருக்கும் ஜெர்மன் தூதரகம் வழியாக ஆவணங்களை விசாரிக்கச் சொல்வார்கள். செலவு நம் தலையில். எங்களுக்கும் அதே கதைதான்.

விசாரணை முடியும்வரை பிறப்புச் சான்றிதழுக்குப் பதில் பதிவேட்டின் நகல் ஒன்று தந்தார்கள். அதில் ஒரு குறிப்பு: பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை. தையல்கூடப் பிரிக்கவில்லை, மடியில் பிள்ளை, கையில் அந்தக் காகிதம். பத்து மாதம் சுமந்தவளின் அடையாளம் நிரூபணமாகவில்லையாம்!

ஒன்று மட்டும் சரியாகச் செய்தோம். சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நகலை வைத்தே எல்டர்கெல்டுக்கு, அதாவது பெற்றோர் உதவித்தொகைக்கு, விண்ணப்பித்துவிட்டோம். அது விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குத்தான் பின்தேதியிட்டுக் கிடைக்கும். காத்திருந்தால் பணம் போயிருக்கும்.

கடைசியில் பையனுக்கு மாமனார் பெயரே குடும்பப் பெயராக விழுந்தது. அவன் பெயரில் அவன் அப்பா எங்குமே இல்லை. என் மாமியார் இன்றுவரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. நானோ குழந்தை டாக்டர், இன்சூரன்ஸ் என்று வாரம் ஒரு தடவை அதை போனில் எழுத்தெழுத்தாக உச்சரிக்கிறேன். மாமனாருக்கு உள்ளூரச் சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும் முன்பே இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் சர்நேமைச் சரிசெய்யுங்கள். கல்யாணச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், எல்லாவற்றிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும்.

ஒன்றரை வயதுப் பெண்ணின் அப்பா:

எங்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. 2024 ஜூன் 27 முதல் இங்கே சட்டம் மாறியது. அம்மா அப்பாவில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி வசித்து, நிரந்தர அனுமதியும் வைத்திருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளை ஜெர்மன் குடிமகள். முன்பு எட்டு வருடம். எனக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது, மகள் செப்டம்பரில் பிறந்தாள். சந்தோஷமாக ஊருக்கு போன் செய்தேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ என் பேத்தி என்னைப் பார்க்க விசா எடுக்கணுமா?" ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இப்போது ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டைக்கு, போட்டிருக்கிறோம்.

நம் குடியுரிமையே பிள்ளைக்கு வேண்டும் என்றால், பிறந்து ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். நண்பர் ஒருவர் தள்ளிப்போட்டுவிட்டுப் பதறி ஓடினார்.

மூன்று மாதக் குழந்தையின் அம்மா:

காகிதம் இருக்கட்டும், டெஸ்ட்டில் இரண்டு கோடு தெரிந்த அன்றே ஹெபாமே தேடுங்கள். மருத்துவச்சிதான், ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே வருவார். முதல் பத்து நாள் தினமும்கூட வரலாம், அப்புறம் பன்னிரண்டு வாரம் வரை. இன்சூரன்ஸே பணம் கொடுத்துவிடும். நான் ஐந்தாம் மாதம்தான் தேட ஆரம்பித்தேன். இருபது பேருக்கு மேல் இடமில்லை என்றார்கள். கிடைத்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார்.

என் அம்மாவுக்கு விசா தள்ளிப்போய், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். முதல் நாள் ஹெபாமே உள்ளே வந்ததும் குழந்தையை நீட்டினேன். வாங்கவில்லை. "இவன் இருக்கட்டும். நீ கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?" என்றார். என் ஜெர்மன் அரைகுறைதான், ஆனால் அது புரிந்தது. உட்கார்ந்து அழுதேன். அவர் அடுப்படியைத் தேடிப் போய்விட்டார்.