எல்லாவற்றையும் மாற்றுவதா, முதலில் அளப்பதா? சிலருக்கு மட்டும் ஊரும் சர்வர்

நிலா_அட்மின்:
எங்கள் கோப்புச் சர்வர் மூன்று நாளாகப் படுத்துகிறது. சுவிட்சுக்கு இரண்டு 10 ஜிகாபிட் ஃபைபர் இணைப்புகள், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் எல்ஏசிபி பாண்டிங். ஒருவருக்குக் கோப்பு சட்டென்று இறங்குகிறது, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அதே கோப்பு ஊர்கிறது. துண்டித்து மறுபடி இணைத்தால் சில நேரம் சரியாகிவிடுகிறது. பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போட்டால் ஒரு பாக்கெட்கூட விழவில்லை. இரண்டு போர்ட்டிலும் பச்சை விளக்கு. சர்வரில் நெட்வொர்க் கார்டின் கவுண்டர்களைக் காட்டும் ஈத்டூல் கட்டளை போட்டுப் பார்த்தேன், பிழை எதுவும் இல்லை. நேற்று ரீபூட் செய்த பிறகு மாலை வரை யாரும் புகார் சொல்லவில்லை, அப்புறம் அதே கதை. இன்று இரவே நெட்வொர்க் கார்டு, கேபிள், ஃபைபரில் ஒளியை அனுப்பிப் பெறும் எஸ்எஃப்பி மாட்யூல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார் மேலாளர். மாற்றலாமா?

வேங்கை:
மாற்றுங்கள். மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது. உதிரி கையில் இருக்கும்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பது பயனர்களுக்குச் செய்யும் அநியாயம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தரவுத்தளச் சர்வர் தானாக நின்று நின்று எழுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் தொடுவேன் என்று ஒருவர் பிடிவாதமாக லாக் படித்துக்கொண்டிருந்தார். அரை நாள் மொத்த அலுவலகமும் கைகட்டி நின்றது. கடைசியில் மெமரி மாட்யூலை மாற்றினோம், பத்து நிமிடத்தில் முடிந்தது. முதலில் சேவை எழட்டும், காரணத்தை அப்புறம் தேடலாம்.

பழைய_ரேக்:
எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) பொருத்தம் பார்த்தீர்களா? சர்வரில் 9000, நடுவில் ஏதோ ஒன்றில் 1500 என்று இருந்தால் சின்ன பாக்கெட் போகும், பெரிய கோப்பு திணறும்.

நிலா_அட்மின்:
எல்லா இடத்திலும் 1500தான். துண்டாக்கக் கூடாது என்ற கொடியுடன் 1472 பைட் பிங் அனுப்பினேன், பதில் வருகிறது.

கயல்:
அப்படியானால் எம்டியு இல்லை. எம்டியு கோளாறில் அளவு மீறிய பாக்கெட் ஒன்றுகூடப் போகாது, இணைப்பு ஓரிடத்தில் வந்து உறைந்துவிடும். இங்கே போகிறது, ஆனால் மெதுவாகப் போகிறது.

தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள். அறிகுறிகள் ஓர் இடத்தையே காட்டுகின்றன. பாண்டிங்கில் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு ஹாஷ் கணக்குதான் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்கிறது. ஒரு டிசிபி இணைப்பு பிறந்தால் முடியும்வரை ஒரே ஃபைபரில்தான் ஓடும். இரண்டில் ஒன்று பழுது என்றால் சிலருக்கு மட்டும் மந்தம், மறுபடி இணைத்தால் சில நேரம் சரி. நீங்கள் சொன்னது அப்படியே இதுதான். ரீபூட்டுக்குப் பிறகு எல்லாருடைய இணைப்பும் புதிதாகப் பங்கு போடப்பட்டிருக்கும். புகார் சொன்னவர்கள் நல்ல பக்கம் விழுந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பிங்கை நம்பி ஏமாறாதீர்கள். அது நல்ல இணைப்பிலேயே போயிருக்கலாம். கெட்ட இணைப்பில் போனாலும் சாதாரண பிங் 84 பைட்தான். பிட் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெடும்போது, 1500 பைட் பாக்கெட் அடிபடும் வாய்ப்பு கிட்டத்தட்ட 18 மடங்கு அதிகம். எல்ஏசிபியின் செய்திகளும் சின்னவைதான், தொடர்ந்து மூன்று தவறினால்தான் இணைப்பை விலக்கும். அதனால்தான் விளக்கு பச்சையாகவே எரிகிறது.

சர்வரில் பிழை தெரியாததற்கும் காரணம் உண்டு. கெட்ட ஃப்ரேமை, அதாவது வழியில் சிதைந்த பாக்கெட்டை, எண்ணுவது அதைப் பெறுகிற பக்கம். கோப்பு இறங்கும்போது பெறுவது சுவிட்ச். சுவிட்சின் அந்த இரண்டு போர்ட்டிலும் சிஆர்சி எண்ணிக்கையை, அதாவது சிதைந்து வந்த ஃப்ரேம்களின் கணக்கை, பாருங்கள். ஒருமுறை பார்த்தால் போதாது, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். பழைய எண்ணிக்கை எதையும் சொல்லாது, ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

வேங்கை:
கயல் சொல்லும் விளக்கம் சரியாகவே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் என்ன செய்யப் போகிறோம்? கேபிளையும் மாட்யூலையும்தானே மாற்றப் போகிறோம்? இரண்டு பக்க மாட்யூல், கேபிள், கார்டு எல்லாம் இன்றிரவே மாற்றினால் எது கெட்டிருந்தாலும் தீர்ந்தது. ஒவ்வொன்றாக மாற்றிக் காத்திருந்தால் இன்னும் மூன்று இரவு.

கயல்:
மாற்றிக் கழற்றியதை எங்கே வைப்பீர்கள்? என் வருத்தமே இதில்தான். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் இதே மாதிரி ஒரு கோளாறுக்கு எல்லாவற்றையும் மாற்றினோம், சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. கழற்றியதில் எது கெட்டது என்று தெரியாததால் மொத்தமும் உதிரிப் பெட்டிக்குப் போனது. சில மாதம் கழித்து வேறொரு சர்வரில் ஒரு மாட்யூல் செத்தது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டோம். அன்றிலிருந்து அந்தச் சர்வரில் பேக்கப் பாதியில் விழ ஆரம்பித்தது. புதிதாகப் போட்டதுதான் கெட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. மென்பொருளைச் சந்தேகித்தோம், டிஸ்க்கைச் சந்தேகித்தோம், இரண்டு வாரம் போனது. அது எங்கள் பழைய எதிரி என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் பேக்கப் இல்லாமல் ஓடியிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

உங்கள் மெமரி உதாரணத்திலும் எந்த மாட்யூல் என்பதைப் பெரும்பாலும் பிஎம்சியின் (சர்வரின் வன்பொருளைத் தனியாகக் கண்காணிக்கும் சிப்) நிகழ்வுப் பதிவே சொல்லியிருக்கும். ரீபூட் செய்தாலும் அந்தப் பதிவு அழியாது. கார்டின் கவுண்டர்களோ ரீபூட்டில் பூஜ்யமாகிவிடும். எழுதி வைக்காமல் ரீபூட் செய்தால் தடயம் போனதுதான்.

வேங்கை:
பேக்கப் கதை கனமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இது பாண்டிங். சந்தேகப்படும் போர்ட்டை சுவிட்சில் மூடிவிட்டால் எல்லாமே மற்ற ஃபைபருக்குப் போய்விடும். சேவை அந்த நிமிடமே எழுந்துவிடும், இரவு வரை காத்திருக்கவே வேண்டாம். நான் மாற்றச் சொன்னது அவசரம்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பயனரைக் காக்கவைத்துவிட்டு எண்ணிக்கை பார்ப்பதை ஏற்க மாட்டேன்.

கயல்:
மூடுவதுதான் சரி, நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எந்தப் போர்ட்டை? தவறான ஒன்றை மூடினால் மொத்தப் பேரும் கெட்ட ஃபைபரில் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஐந்து நிமிட எண்ணிக்கை அதற்காகத்தான். அதோடு ஒளியின் அளவும் பாருங்கள். மாட்யூலே டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) கணக்கில் சொல்லும். குறுந்தூர ஃபைபருக்கான 10ஜி எஸ்ஆர் தரத்தில் பெறும் பக்கத்துக்கு −9.9 டிபிஎம் வரை வரலாம், அதற்குக் கீழே போனால் பிழை வருவது இயல்பு.

நிலா_அட்மின்:
பார்த்துவிட்டேன். சுவிட்சில் முதல் போர்ட் சிஆர்சி பூஜ்யம், பெறும் ஒளி −2.9. இரண்டாவது போர்ட்டில் ஐந்து நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேல் ஏறியது, ஒளி −11.8. மூடிவிட்டேன். புகார் நின்றுவிட்டது. மேலாளரும் இரவு வேலையைத் தள்ளி வைத்துவிட்டார். இனி எந்த வரிசையில் போவது?

கயல்:
முதலில் ஃபைபர் முனையைத் துடையுங்கள், அதற்கென்று இருக்கும் துடைப்பானால் மட்டும், சட்டைத் துணியால் வேண்டாம். தூசி ஒன்றே போதும் ஒளியை விழுங்க. போர்ட்டைத் திறந்து அளவைப் பாருங்கள். மாறவில்லை என்றால் கேபிள். அதிலும் மாறவில்லை என்றால் சர்வர் பக்கத்து இரண்டு மாட்யூல்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றுங்கள். பிழை கூடவே போகிறதா என்று பாருங்கள்.

பழைய_ரேக்:
ஒவ்வொரு படிக்கும் நேரத்தையும் எண்ணிக்கையையும் தாளிலாவது குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது படியில் முதல் படி மறந்துவிடும்.

நிலா_அட்மின்:
துடைத்தேன், −11.6, பிழை நிற்கவில்லை. கேபிள் மாற்றினேன், அதேதான். மாட்யூல்களை இடம் மாற்றியதும் பிழை முதல் போர்ட்டுக்குப் போய்விட்டது, இரண்டாவது சுத்தம். அனுப்பும் மாட்யூல்தான் மங்கியிருக்கிறது. புதியது போட்டு இரண்டு போர்ட்டும் திறந்து இரண்டு மணி நேரமாகிறது, சிஆர்சி ஏறவில்லை. மொத்த வேலையும் 40 நிமிடம். பழையதில் சிவப்பு நாடா ஒட்டி, சீரியல் எண்ணைக் குறித்து, உதிரிப் பெட்டிக்குப் போகாமல் தனியாக வைத்துவிட்டேன்.

வேங்கை:
நல்லது. கார்டை மாற்றச் சொன்னது தேவையற்றது, அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பாண்டிங் இல்லாமல் ஒரே இணைப்பு மட்டும் இருந்து, சேவை முழுதாகப் படுத்திருந்தால், மொத்தமாகவே மாற்றுவேன், இப்போதும்.

கயல்:
அப்போதும் எண்ணிக்கையை ஒரு படம் எடுத்துவிட்டு மாற்றுங்கள் என்பேன். நிலா, சுவிட்ச் போர்ட்டின் சிஆர்சியையும் ஒளி அளவையும் கண்காணிப்பில் சேர்த்துவிடுங்கள். −11.8 ஒரே நாளில் வந்திருக்காது.