பட்டன் அமுக்குன உடனே பெல் அடிக்கணும், பேட்டரியும் நிக்கணும்: இஎஸ்பி32ல வழி இருக்கா?

மின்மினி:
வணக்கம் நண்பர்களே. பாட்டி கட்டில் பக்கத்துல அவசரத்துக்கு ஒரு பட்டன் செஞ்சு வெச்சிருக்கேன், ராத்திரி முடியலன்னா அமுக்குவாங்க, ஹால்ல பஸ்ஸர் அடிக்கும், என் போனுக்கும் மெசேஜ் வரும். வைஃபை உள்ள இஎஸ்பி32 சிப்போட டெவ் போர்டு (செஞ்சு பாக்கறதுக்கான ரெடிமேட் போர்டு), 2600 எம்ஏஹெச் 18650 லித்தியம் செல். வைஃபை எப்பவும் கனெக்ட்லயே இருந்தா ஒரு நாள்தான் தாங்குது. டீப் ஸ்லீப் (சிப் கிட்டத்தட்ட முழுசா தூங்கற மோடு) போட்டா அமுக்கி மூணு நாலு செகண்ட் கழிச்சுதான் அடிக்குது, பாட்டி வேலை செய்யலன்னு நெனச்சு பயந்துடறாங்க. வாடகை வீடு, வயர் இழுக்க முடியாது.

கம்பியில்லாதவன்:
ப்ரோ, சார்ஜை தின்றது அனுப்பறது இல்ல, காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுதான், ரிசீவர் ஆன்ல இருந்தாலே 100 மில்லிஆம்ப் பக்கம் போகும். உங்க பட்டன் யார் சொல்றதையும் கேக்க வேண்டியதில்ல, அதனால டீப் ஸ்லீப் சரிதான். அந்த மூணு செகண்ட் எங்க போகுதுன்னா ரவுட்டர்ல திரும்ப சேர்றதுல, சேனல் ஸ்கேன், ஹேண்ட்ஷேக், டிஹெச்சிபில ஐபி வாங்கறது. சேனல் நம்பரையும் ரவுட்டரோட மேக் அட்ரஸையும் ஆர்டிசி மெமரில (தூங்கறப்பவும் அழியாத மெமரி) வெச்சு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி) குடுத்தாலே நிறைய குறையும், ஆனா நானா இருந்தா ரவுட்டரையே விட்டுட்டு இஎஸ்பி-நவ் (ரெண்டு இஎஸ்பி போர்டு ரவுட்டர் இல்லாம நேரா பேசிக்கற முறை) போவேன். பஸ்ஸர்கிட்ட ப்ளக்ல இன்னொரு இஎஸ்பி32 எப்பவும் கேட்டுக்கிட்டு இருக்கட்டும், போன் மெசேஜை அது அனுப்பிக்கும். கனெக்‌ஷனே கெடயாது, முழிச்ச உடனே பாக்கெட் போயிடும். ரவுட்டர்ல ஆட்டோ சேனலை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, அது சேனல் மாத்துனா ஹால் போர்டும் கூடவே மாறிடும், பட்டன் பழைய சேனல்லயே கத்திக்கிட்டு இருக்கும். பூட் ஆகற நேரமும் உறுத்துச்சுன்னா டீப் ஸ்லீப்ல இருந்து வர்றப்ப ப்ரோகிராம் இமேஜை செக் பண்றதை ஸ்கிப் பண்ண பூட்லோடர்ல (ஸ்டார்ட் ஆகறப்ப முதல்ல ஓடற சின்ன ப்ரோகிராம்) ஒரு ஆப்ஷன் இருக்கு.

சால்டர்மணி:
மேல சொன்னது எல்லாம் சரி ஆனா டெவ் போர்டுல இதைப் பண்ணா பாதி பலன்கூட கிடைக்காது. சிப் தூங்கறப்ப சுமார் 10 மைக்ரோஆம்ப்தான், ஆனா நிறைய போர்டுல இருக்கற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (சிப்புக்கு வோல்டேஜை சீரா குடுக்கறது) தானே 5 மில்லிஆம்ப் எடுக்கும், பவர் எல்ஈடியும் யுஎஸ்பி சிப்பும் தனி. வெறும் 5ன்னு வெச்சாலே 520 மணி நேரம், அதாவது மூணு வாரம். சிப் மாட்யூலை தனியா வாங்கி எம்சிபி1700 மாதிரி தானே ரொம்ப கம்மியா எடுக்கற ரெகுலேட்டர் போடுங்க, அனுப்பற நொடியில கரண்ட் திடீர்னு ஏறும், அதுக்கு மாட்யூல் பக்கத்துலயே பெரிய கெப்பாசிட்டர் கட்டாயம்.

மின்மினி:
ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். இன்னொண்ணு, ஹால்ல நான் ஒரு பட்டன் தட்டுனா "வர்றேன்"னு பாட்டி பக்கத்துல லைட் எரியணும். அப்போ பாட்டி பக்கத்து போர்டும் கேக்கணுமே?

கம்பியில்லாதவன்:
அமுக்குன பிறகு மட்டும் கேட்டா போதும். அனுப்பிட்டு ரெண்டு நிமிஷம் முழிச்சிருந்து கேக்கட்டும், பதில் வந்தா லைட், அப்புறம் தூக்கம்.

நீலப்பல்:
ஹால்ல இருந்து எந்நேரமும் கூப்பிடணும்னா பிஎல்இ (கம்மி பவர் ப்ளூடூத்) பாருங்க, அதுக்கு என்ஆர்எஃப்52 சிப் நல்லது. கனெக்‌ஷன் இன்டர்வல் (ரெண்டு பக்கமும் பேசிக்கற இடைவெளி) 30 மில்லிசெகண்ட், பெரிஃபெரல் லேட்டன்சி (பட்டன் எத்தனை முறை தாண்டலாம்ங்கறது) 30ன்னு வெச்சா சொல்ல ஒண்ணும் இல்லாதப்ப 30 முறை முழிக்காம தாண்டிடும், கிட்டத்தட்ட செகண்டுக்கு ஒரு தடவைதான் முழிப்பு. ஆனா பட்டன் அமுக்குனா அடுத்த 30 மில்லிசெகண்ட்ல கெடைக்கற வாய்ப்புலயே அனுப்பிடும், ஹால்ல இருந்து வர்றதுக்குத்தான் அதிகபட்சம் 930 மில்லிசெகண்ட். சூப்பர்விஷன் டைம்அவுட் (இவ்வளவு நேரம் பதிலே இல்லன்னா லிங்க் போச்சுன்னு முடிவு பண்றது) 4 செகண்ட் குடுங்க, 1.86 செகண்டுக்கு கீழ ஒத்துக்காது.

சால்டர்மணி:
எதைப் பண்ணாலும் மணிக்கு ஒரு தடவை பட்டனே முழிச்சு பேட்டரி வோல்டேஜை அனுப்பற மாதிரி வைங்க தம்பி. ரெண்டு மணி நேரம் பட்டன்கிட்ட இருந்து தகவல் வரலன்னா ஹால் போர்டு உங்க போனுக்கு சொல்லட்டும்.