புதுப்பிப்பு: காட்டுக்குள் ராணுவ ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும்?

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் முதுகில் சுமந்த பிஆர்சி-25 ரேடியோவின் வீச்சு, அடர்காட்டுக்குள் ஏன் வெகுவாகச் சுருங்கியது என்று முன்பு எழுதியிருந்தேன். பவரைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆகாது.

ரேடியோ அலை ஆய்வாளர் தியோடர் தாமிர் 1967இல் விளக்கியபடி, தூரம் கூடும்போது நமக்குக் கேட்பது மரங்களைத் துளைத்துக்கொண்டு நேராக வரும் அலை அல்ல. மேலே ஏறி, காட்டின் உச்சியை ஒட்டியே ஓடி, கேட்பவர் இருக்கும் இடத்தில் கீழே இறங்கும் அலைதான். இந்தக் கணக்கில் தூரம் இரட்டித்தால் சிக்னல் 12 டெசிபல் விழும், பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதாவது இரண்டு மடங்கு தூரத்துக்கு 16 மடங்கு பவர்! சுமார் 2 வாட் கொடுத்த பெட்டி 32 வாட் கொடுக்க வேண்டும். அதற்கான பேட்டரியை யார் சுமப்பது?

ஆன்டெனாவை உயர்த்துவதுதான் கைமேல் பலன் தரும். இலைகளுக்குள் அலை ஏறி இறங்கும் பாதை குறைகிறது, இழப்பும் குறைகிறது. முகாம்களில் ஆர்சி-292 ஆன்டெனாவை உயரமான கம்பத்தில் ஏற்றியதன் பலனும் இதுதான்.

அப்புறம், மரங்களுக்குள் அலை எவ்வளவு வலுவிழக்கும் என்று கணிக்கும் வைஸ்பெர்கர் சூத்திரத்தை இதற்குப் போட்டுப் பார்க்காதீர்கள். அது 230 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 400 மீட்டர் வரை ஆழமுள்ள மரக்கூட்டத்துக்கானது. பிஆர்சி-25 வேலை செய்ததோ 30 முதல் 76 மெகாஹெர்ட்ஸுக்குள்.