தலைக்காயத்துக்குப் பிறகு வந்த கை நடுக்கம்: டிபிஎஸ் பலன் தருமா?

வலங்கை:
தலையில் அடிபட்டு ஒன்றரை வருடம் ஆனவருக்கு வலது கையில் நடுக்கம். சும்மா வைத்திருந்தாலும் ஆடுகிறது, டம்ளரை எடுக்க நீட்டினால் இன்னும் மோசம். ப்ரொப்ரனலால், க்ளோனாஸெபாம் மாத்திரைகள் இரண்டும் எடுபடவில்லை. எம்ஆர்ஐயில் இடது நடுமூளையில் தழும்பு. டிபிஎஸ் (மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்து மின்தூண்டல் தரும் சிகிச்சை) செய்தால் பார்கின்சனுக்குக் கிடைக்கும் பலன் இதற்கும் கிடைக்குமா?

மின்முனை:
அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். 1997-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்ததே பார்கின்சன் நடுக்கம், எசென்ஷியல் ட்ரெமர் (வேறு நோயில்லாமல் தானாக வரும் நடுக்கம்) இரண்டுக்கும்தான். ஓய்விலும் செயலிலும் சேர்ந்து வரும், நொடிக்கு 5 தடவைக்கும் குறைவான நடுக்கம் என்றால் ஹோம்ஸ் ட்ரெமராக (நடுமூளை போன்ற இடங்களில் காயம்பட்டபின் வரும் நடுக்கம்) இருக்கலாம். அதில் மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் பாதையும் அடிவாங்கியிருக்கக்கூடும். எனவே டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா மருந்தைப் போதிய அளவில் கொடுத்துப் பார்க்காமல் மண்டையில் துளை போடக் கூடாது. சிலருக்கு அதுவே கேட்கும்.

அப்புறம் ஸ்கேன். எலக்ட்ரோடு வைக்கும் வழக்கமான இலக்கு, மூளையின் நடுவே உள்ள தலமஸில் விஐஎம் என்ற சிறு பகுதி. காயத்தில் அதுவே சிதைந்திருந்தால் ஜிபிஐ அல்லது ஸோனா இன்செர்டா என்ற வேறு ஆழ்மூளைப் பகுதிகள் பக்கம் போவார்கள். மூளை சுருங்கி வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) விரிந்திருந்தால் அட்லஸ் (பொதுவான மூளை வரைபடம்) கணக்கு உதவாது, அவரவர் எம்ஆர்ஐயை வைத்தே குறிக்க வேண்டும். எலக்ட்ரோடு 2 மி.மீ. பின்னால் தள்ளிப் போனாலே கையில் மதமதப்பு. வெளிப்பக்கம் போனால் தசை இழுக்கும், பேச்சு குழறும்.

பிசியோ:
அட்டாக்ஸியா (அசைவில் ஒருங்கிணைப்பு இல்லாமை) எவ்வளவு கலந்திருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கையை நீட்டி நிறுத்தினால் சீரான தாளத்தில் ஆடுவது நடுக்கம். டம்ளரை நெருங்கும்போது தாளமில்லாமல் தாண்டிப்போவது அட்டாக்ஸியா. அதை டிபிஎஸ் சரிசெய்யாது. தோளிலிருந்து ஆடுவதைவிட மணிக்கட்டு, விரல் நடுக்கம் நன்றாக அடங்கும். நினைவாற்றல் சோதனையும் முன்கூட்டியே வேண்டும்.

வலங்கை:
ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடுக்கம் நின்றுவிட்டதாக வீடியோக்களில் காட்டுகிறார்களே?

மின்முனை:
அது எலக்ட்ரோடு நுழைந்த இடத்து வீக்கத்தின் வேலை. கருவியை ஆன் செய்யாமலேயே நிற்கும், சில வாரத்தில் திரும்பும். செட்டிங்கைத் தள்ளித் தொடங்குவது அதனால்தான். 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோசெகண்டில் வைத்து, எலக்ட்ரோடில் உள்ள ஒவ்வொரு மின்முனையிலும் 0.5 மில்லிஆம்பியராக ஏற்றிக்கொண்டே போவார்கள். நடுக்கம் எதில் அடங்குகிறது, மதமதப்போ குழறலோ எதில் தொடங்குகிறது என்று குறிப்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமுள்ள முனையே நல்லது. கரண்ட் கூடினால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

பிசியோ:
கருவி வைத்தபின் உடம்பில் எங்குமே டையதெர்மி (உள் திசுவைச் சூடாக்கும் சிகிச்சை) கூடாது. முனை சூடேறி மூளைத் திசு வெந்துவிடும். தெரபிக்குப் போகும் இடத்தில் முதலில் சொல்ல வேண்டியது இது.