ஊரில் மரச்செக்கு போட்டால் பிழைக்க முடியுமா?

வந்தவாசிப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34. பதினோரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு மூட்டு வலி வந்து வயலைப் பார்க்க ஆளில்லாமல் போனதால் போன தையில் ஊருக்கே வந்துவிட்டேன். வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். மூன்று ஏக்கர், கிணறு உண்டு, மார்கழியில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம்.

காய வைத்து மூட்டை கட்டி மண்டிக்குப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்கி வருகிறார் அப்பா. மண்டியில் சொன்ன விலைக்குக் கொடுக்கிறோம், கடையில் சொன்ன விலைக்கு வாங்குகிறோம். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மரச்செக்கு போடலாம் என்று இருக்கிறேன். மோட்டாரோடு ஒன்றரை லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். வீட்டுக்காரி நகையை வைத்தால் ஆகிவிடும். பிராண்டு பெயர் முடிவாகிவிட்டது, லேபிளும் தயார். மச்சான் சென்னையில் விற்றுத் தருகிறேன் என்கிறான். இதில் பிழைக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:

எங்கள் டவுனில் நான்கு செக்கு வந்தது. இன்று ஓடுவது ஒன்று. மற்ற மூன்றும் பெயர்ப்பலகை மட்டும். யோசித்துச் செய்யுங்கள்.

செக்குக்கார அக்கா:

தம்பி, நகையை இன்னும் வைக்கவில்லை என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

செய்யாறு பக்கம் ஏழு வருடமாகச் செக்கு ஓட்டுகிறேன். முதல் ஒன்றரை வருடம் நீங்கள் இப்போது போகப் பார்க்கிற அதே வழியில்தான் போனேன். பெயர், லேபிள், பாட்டில் எல்லாம் இருந்தது. உங்களுக்கு மச்சான், எனக்கு நாத்தனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ மல்லாட்டைப் பருப்பு ஆட்டினால் எனக்கு 40 கிலோ எண்ணெய் கிடைக்கும், லிட்டரில் 44. புண்ணாக்கு 55 கிலோ சொச்சம். பருப்பு கிலோ 110 என்று வைத்துக்கொண்டால் முதல் 11,000. எண்ணெயை லிட்டர் 270-க்கு விற்றால் 11,880. அதாவது எண்ணெய் விற்ற காசு கிட்டத்தட்ட பருப்பு வாங்கியதற்கே போய்விடும். புண்ணாக்கு கிலோ 45 என்றால் 2,475 வரும். கரண்டு, ஆள் கூலி, பாட்டில், பார்சல் எல்லாவற்றையும் இந்த மிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம், அப்படி ஆட்டி 100 கிலோ முடிக்க ஒரு முழு நாள் ஆகும். விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சென்னைக்கு அனுப்பியதில் மூடி கசிந்தது போக, பணம் மாதக் கடைசியில்தான் வரும். அதையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஐப்பசியில் மாட்டினேன். ஆடிப் பட்டத்துக் காய், மழையில் பிடுங்கியது. சரியாகக் காயவில்லை என்று தெரிந்தும் ஆர்டர் இருக்கிறதே என்று ஆட்டிவிட்டேன். இருபதே நாளில் வாடை அடித்து அறுபது பாட்டில் திரும்பி வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அப்போதிருந்து கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகுதான் செக்கில் போடுகிறேன். அந்தப் பூஞ்சை நச்சு ஈரலைக் கெடுக்கும். பொறுக்கியதை மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் இறங்கும்.

செக்கை விற்றுவிடலாம் என்று இருந்த நேரத்தில்தான் தெருக்கோடிப் பாட்டி இருபது கிலோ பருப்பைத் தூக்கி வந்து, "இத ஆட்டிக் குடு, புண்ணாக்க நீயே வச்சிக்க" என்றார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை! பருப்பு வாங்க முதல் போட வேண்டாம், தேங்கிய சரக்கு இல்லை, கடன் பாக்கி இல்லை. இப்போது திங்களும் வியாழனும் கூலி ஆட்டம் மட்டும். காசு கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம், இல்லாவிட்டால் புண்ணாக்கை விட்டுப் போகலாம். பெரும்பாலும் விட்டுத்தான் போகிறார்கள். அந்தப் புண்ணாக்குக்கு நான் ஆள் தேட வேண்டியதில்லை. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்களே வாங்கிப் போகிறார்கள்.

சொந்த எண்ணெய் இன்றும் உண்டு, சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும். பங்குனியில் எடுத்த காய் சித்திரை வெயிலில் நன்றாகக் காயும், அதைத்தான் வருடத்துக்கும் சேர்த்து வைக்கிறேன். ஆட்டிய எண்ணெயை வாயில் துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விடுங்கள். அவசரப்பட்டால் அடியில் கசடு தங்கி சீக்கிரம் காறிவிடும். ஆட்டும்போது தெளிக்கிற தண்ணீர் கூடினாலும் அதே கதிதான். அந்த அளவு கைக்குப் பழக எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஒன்று மறந்துவிட்டேன். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்க சட்டத்தில் இடமில்லை, அடைத்துத்தான் விற்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும். நான் எடுத்தபோது 12 லட்சத்துக்கு உட்பட்ட விற்றுமுதலுக்கு வருடம் 100 ரூபாய்.

கடலூர்க்காரர்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு உணவுத் தொழில்களுக்கு மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம் என்று இருந்தது. கையிலிருந்து 10 சதவீதமாவது போட வேண்டும். மானியம் ரொக்கமாக வராது, வங்கிக் கடனோடு சேர்ந்தது. மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலவரம் கேளுங்கள். வீட்டில் மகளிர் குழுவில் இருந்தால் அந்த வழியாகவும் விசாரியுங்கள், குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் என்று அதே திட்டத்தில் இருந்தது. ஆனால் மானியத்துக்காகப் பெரிய செக்காக வாங்கிவிடாதீர்கள், மீதிக் கடனைக் கட்டப்போவது நீங்கள்தான்.

வந்தவாசிப் பையன்:

அக்கா, ரொம்ப நன்றி. மூன்று நாளாக ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வீட்டுக்கென்று மல்லாட்டை எடுத்து வைப்பவர்கள் 31 வீடு. அதில் 19 பேர் டவுனுக்குப் பஸ்ஸில் மூட்டையைத் தூக்கிப் போய் ஆட்டி வருகிறார்களாம். நம் ஊரிலேயே இருந்தால் வருவோம் என்கிறார்கள். பக்கத்து இரண்டு ஊரையும் இன்னும் கேட்கவில்லை. நகையை இப்போதைக்குத் தொடவில்லை. லேபிளை உள்ளே வைத்துவிட்டேன்.

செக்கு வாகை மரத்தில்தான் எடுக்க வேண்டுமா?

செக்குக்கார அக்கா:

என்னுடையது வாகைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கும் முன் வெடிப்பு இருக்கிறதா என்று உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அப்புறம், புதுச் செக்கு முதல் சில ஆட்டத்தில் தானே எண்ணெயைக் குடித்துவிடும். அதற்கு உங்கள் வீட்டுப் பருப்பையே போடுங்கள். ஆசையாக முதல் ஆளாக வந்தவர் மூட்டையைப் போட்டுவிட்டு, எண்ணெய் குறைந்ததற்கு அவரிடம் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.