அளவுத்தாள் வைத்தா, கைபோன போக்கிலா? குயில்ட் தைத்த அனுபவங்கள்

நூல்கண்டு

மகளுக்கு ஏழாம் மாதம். பிறக்கப் போகும் குழந்தைக்கு ஒரு குயில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கலாம் என்று இறங்கினேன். காசு கொடுத்து ஒரு நட்சத்திர பேட்டர்ன் (வெட்டும் அளவுத்தாள்) வாங்கி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, நாற்பது முக்கோணம் வெட்டினேன். நடுவில் வரும் பட்டைகளை மட்டும் ஸ்கேல் வைத்து நேராகத் துணியிலேயே வெட்டினேன். சேர்த்துத் தைத்தால் எதுவும் எதோடும் பொருந்தவில்லை. ஒவ்வொரு மூலையிலும் பட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு நாள் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அப்புறம்தான் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. 'இது சரியாக 1 இஞ்ச் இருக்கிறதா பாருங்கள்' என்று எழுதியிருந்தது. அளந்தால் முக்காலே மூணு வீசம்தான். பேட்டர்ன் அமெரிக்கத் தாள் அளவுக்குப் போட்டது, அது நம் ஏ4-ஐ விடக் கொஞ்சம் அகலம். கடைப் பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கி அடித்துவிட்டான். முக்கோணங்கள் எல்லாம் சுருங்கிவிட்டன, ஸ்கேலில் வெட்டிய பட்டைகள் சுருங்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

பேட்டர்னைத் தூக்கிப் போட்டுவிட்டு மனம் போனபடி தைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்படி வந்தது?

பிட்டுமூட்டை

அப்பா டெய்லர். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பிட்டுகள் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும். அம்மா பழைய புடவையை நாலாய் மடித்துப் பாயில் விரித்து, பிட்டுகளை மேலே பரப்பி, ஓட்டுத்தையல் போட்டு முடிப்பார். அளவு, கணக்கு எதுவும் கிடையாது. நாங்கள் நாலு பேரும் அதில்தான் படுத்து வளர்ந்தோம்.

நானும் அப்படியே தைக்கலாம் என்று போன வருடம் உட்கார்ந்தேன். முதல் சலவையிலேயே விரிப்பு முழுக்கக் கொசுவம் வைத்த மாதிரி ஆகிவிட்டது. காட்டன் சுருங்கியது, பக்கத்திலிருந்த பாலியஸ்டர் சுருங்கவில்லை. அம்மாவிடம் காட்டினேன். "பிட்டைக் கையில எடுத்ததும் கசக்கிப் பார்க்க மாட்டியாடா?" என்றார். பேட்டர்னே இல்லாமல் தைத்தார் என்று நான் நினைத்த அம்மா, ஒவ்வொரு பிட்டையும் கசக்கிப் பார்த்துப் பிரித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்!

ஹூப்ளிவாசி

அவர் வேலைக்காக மூன்று வருடம் ஹூப்ளியில் இருந்தோம். அங்கிருந்து எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் போனால் சித்தி மக்களின் ஊர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஒரு வீட்டுத் திண்ணையில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன்.

அடியில் ஒரு பழைய புடவை. மேலே கிழிந்த சட்டை, பாவாடை, புடவைத் துண்டுகள். நடுவில் பஞ்சு கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு துண்டுகளை மடித்து வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்து வருகிறார்கள். கடைசியில் நடுவில் வந்து முடிகிறது. முன்கூட்டிக் கோடு போடவில்லை, ஒரு துண்டைக்கூட அளக்கவில்லை. ஆனால் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணி கட்டாயம் வைக்க வேண்டும். அதற்குப் பூ என்று அர்த்தம் வரும் பெயர். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக நிற்குமாம்.

ஊருக்கு வந்து நானும் செய்து பார்த்தேன். ஓரத்தை இறுக்கித் தைத்துக்கொண்டே போனதில், நடுவில் துணி அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. அவர்கள் ஒவ்வொரு வரிசைக்கும் உள்ளங்கையால் தடவித் தடவி விட்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அட்லாண்டா சித்தி (சித்தி என்றால் நம்மூர்ச் சித்திதான், மேலே சொன்னவர்கள் இல்லை!)

இங்கே அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. மூன்று பக்கம் ஆறு சுற்றி ஓடும். கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்த குயில்டுகளை 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டிக் காட்டியது. 2006-ல் தபால்தலையிலும் வந்தன. வயலில் உழைத்துக் கிழிந்த பேண்ட்டுகளை வெட்டித் தைத்தவையும் அதில் உண்டு. பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத நீலம் கட்டமாகத் தெரியும். அதை எந்த பேட்டர்னில் எழுதி வைக்க முடியும்?

இதைப் பார்த்துவிட்டு நானும் அளவில்லாமல் தைக்கிறேன் என்று கிளம்பினேன். கடையில் பதினொரு நிறத்தில் புதுத்துணி வாங்கினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெரு.

பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அங்கே அதிகம் தைப்பது 'ஹவுஸ்டாப்'. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிப் பட்டை, அதைச் சுற்றி இன்னொரு பட்டை. நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தைக்கும் 'லாக் கேபின்' என்ற பழைய குயில்ட் வகைக்குச் சொந்தக்காரிதான். அந்தச் சட்டகம் கைக்கு அத்துபடி ஆனதால்தான் பட்டையைக் கோணலாக விடவும், நிறத்தைச் சட்டென்று மாற்றவும் முடிகிறது. தெரியாமல் செய்வதில்லை. நான் சட்டகமே இல்லாமல் குதித்துவிட்டேன். இப்போது இரண்டே நிறம், ஒரே ஹவுஸ்டாப். ஸ்கேல் இல்லாமல் கத்தரியால் வெட்டுகிறேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஓரத்தை மட்டும் நேராக்கிக்கொள்கிறேன்.

நூல்கண்டு அக்கா, முக்கோணங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எல்லாம் ஒரே அளவில்தானே சுருங்கியிருக்கின்றன? அவை தங்களுக்குள் நன்றாகவே பொருந்தும்.

மதுரைப்பொண்ணு

ஒன்றே ஒன்று. சுங்குடி சேர்ப்பதாக இருந்தால் வெட்டுவதற்கு முன் அலசுங்கள். என் சிவப்புச் சுங்குடி, வெள்ளைக் கட்டங்கள் அத்தனையையும் ரோஸாக்கிவிட்டது. பேட்டர்ன் ஒரு நூல் பிசகாமல் தைத்தது, வயிறு எரிந்தது.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. சித்தி சொன்னபடி பட்டைகளை ஓரம் வைத்துவிட்டு முக்கோணங்களை மட்டும் சேர்த்தேன். பொருந்திவிட்டன! மூன்றை என் அவசரத்தில் தலைகீழாகத் தைத்துவிட்டேன், பிரிக்கத் தெம்பில்லை. சுற்றிலும் அம்மாவின் நெகமம் புடவையிலிருந்து பட்டை கிழித்து, இடைவெளிக்குத் தகுந்த அகலத்தில் வைத்தேன். ஒரு பக்கம் மூன்று இஞ்ச், எதிர்ப்பக்கம் நாலு. அம்மா கட்டிக் கட்டித் துவைத்த புடவை, இனிமேல் அதில் போக சாயமும் இல்லை, சுருங்கவும் இடமில்லை.

பைண்டிங் (ஓரத்தை மூடித் தைக்கும் பட்டை) இன்னும் பாக்கி. நேற்று மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம்னு சொன்னீங்களே, எங்கே அத்தை?" என்றார். தேடிப் பாருங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிக் காபி போடப் போய்விட்டேன்.